மேனேஜர் எதுக்கு ஊளையிட்டான்

இல்லக்கா, புது நாய் பாக்க வரல. குட்டியெல்லாம் வேணாம். அழகாத்தான் இருக்கு, அந்தக் கறுப்புக் குட்டி என் ஷூ லேஸக் கடிச்சிட்டு விடவே மாட்டேங்குது, ஆனா நான் அதுக்கு வரல. உங்க காப்பகத்துல ஒரு பெரிய நாய் இருக்கு. பழுப்புக் கலரு. ஒரு காது நிக்கும், இன்னொண்ணு படுத்திருக்கும். உக்காந்தா ரெண்டு முன்னங்காலையும் குறுக்கப் போட்டுக்கிட்டு, யாரோ ஃபைல் எடுத்துட்டு வரணும்ங்கிற மாதிரி பாப்பான்... ஆங், அவனேதான். கடைசிக் கூண்டா? பிரவுனின்னா கூப்பிடுறீங்க? அதான் திரும்பிப் பாக்க மாட்டேங்குறான். அவன் பேரு மேனேஜர். எங்க நாய்க்கா அவன்.

சிரிக்காதீங்க, நெஜமாவே மேனேஜர்தான். அப்பா வச்ச பேரு. அப்பா ஆபீஸ்ல ஒரு மேனேஜர் இருக்காரு. பகல் பூரா அவர்கிட்ட சரிங்க சார், சரிங்க சார்னு சொல்லிட்டு வருவாரு. வீட்டுக்கு வந்ததும், மேனேஜர் உக்காரு, மேனேஜர் கையக் குடு, மேனேஜர் வாய மூடும்பாரு. சொல்லச் சொல்ல அப்பா மூஞ்சி தெளிஞ்சிடும். மாத்திர போடறதுக்கு இது எவ்வளவோ பரவால்லன்னு அம்மா சொல்வாங்க. ஒரு தடவ நெஜ மேனேஜரே வீட்டுக்கு வந்து சோஃபால உக்காந்திருந்தாரு. அது தெரியாம அம்மா கிச்சன்லேர்ந்து, மேனேஜர், மொதல்ல சோஃபாவ விட்டு எறங்குன்னு ஒரு சத்தம் போட்டாங்க. ரெண்டு பேரும் எறங்கிட்டாங்க.

ஒரு பூனையும் உண்டு. அதுக்கு நாத்தனார்னு பேரு. அது அம்மா வச்சது. வந்ததும் நேரா கிச்சனுக்குத்தான் போவா. ஒவ்வொரு பாத்திரமா மோந்து பாப்பா, எதுவுமே சரியில்லங்கிற மாதிரி திரும்பி வந்துடுவா. அத்தை வர்ற அன்னிக்கு மட்டும் பூனைக்குப் பேரு மகாராணி. அப்புறம் என்னோட வெள்ளெலி, பேரு பஞ்சு. நான், என் தம்பி, அம்மா, அப்பா. தம்பிக்கு இன்னும் ஸ்கூல் வயசே வரல. அவ்வளவுதான் வீடு.

கடிப்பானான்னு கேக்குறீங்களா? மேனேஜரா? அவன் பிஸ்கட்டையே யோசிச்சிட்டுத்தான் கடிப்பான். ஊளையிடுவான்னு சொல்லி விட்டுட்டுப் போனாங்களா? சரி, நீங்களே சொல்லுங்க, இங்க வந்து ஒரு தடவையாவது ஊளையிட்டானா? இல்லல்ல? அதான்க்கா விஷயமே. கொஞ்சம் உக்காருங்களேன், சொல்றேன். அந்தத் துவைச்ச துணியெல்லாம் அப்புறம் மடிச்சுக்கலாம். குடுங்க, நானும் மடிக்கிறேன்.

மழக்காலம் முடிஞ்ச கொஞ்ச நாள்ல ஆரம்பிச்சது. சாயங்காலம் அப்பா ஆபீஸ்லேர்ந்து வருவாரு. கைகால் கழுவிட்டு, டி.வி.யப் போட்டுட்டு, அவரோட நாற்காலில உக்காருவாரு. எங்க வீட்ல டி.வி.க்கு சுவத்துல இருக்குற சுவிட்ச அப்பாதான் போடணும், அப்பாதான் அணைக்கணும். கரண்ட மிச்சம் பிடிக்கிறாராம். அவர் உக்காந்த ஒடனே மேனேஜர் எந்திரிப்பான். கழுத்து முடியெல்லாம் அப்படியே நட்டுக்கும். அப்பாவப் பாக்க மாட்டான்க்கா. அப்பாவோட தலைக்குப் பின்னாடி, சுவரப் பாப்பான். பாத்துட்டு மூஞ்சியத் தூக்கி ஊஊஊன்னு ஆரம்பிப்பான். அதே நேரம் நாத்தனார் அடுப்பு மேடைலேர்ந்து குதிச்சு, காதப் பின்னாடி மடக்கிக்கிட்டு, அதே சுவரப் பாத்துக்கிட்டே பின்பக்கமாவே நடந்து வெளில போயிடுவா. பூனை பின்பக்கமா நடந்து நீங்க பாத்திருக்கீங்களா? பஞ்சு கூண்டுக்குள்ள இருக்குற பேப்பர், துணி எல்லாத்தையும் தலைமேல இழுத்துப் போட்டுக்கும்.

எனக்கும் கேக்கும். அதச் சொல்ல மறந்துட்டேன் பாருங்க. ரொம்ப மெல்லிசா, ஊசி மாதிரி ஒரு விசில். காதுக்குள்ள இல்ல, பல்லுக்குள்ள கேக்குற மாதிரி இருக்கும். தம்பிக்கு இன்னும் நல்லாக் கேக்கும். ரெண்டு கையாலயும் காதப் பொத்திக்கிட்டு, விசில் வந்தாச்சு, விசில் வந்தாச்சும்பான். அம்மாவுக்குக் கேக்காது. அப்பாவுக்குக் கேக்காது. நாங்க கேக்குதுன்னு சொன்னா, ஒண்ணும் கேக்கலயேன்னு சொல்லிட்டு டி.வி. சத்தத்த இன்னும் கூட்டுவாங்க.

மொதல்ல அம்மா என்னக் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. அவர் என்ன ஒரு கண்ணாடி ரூம்ல உக்கார வச்சு, காதுல மாட்டிவிட்டு, சத்தம் கேட்டா கையத் தூக்குன்னாரு. நான் எறக்கவே இல்ல. அவர் பாத்துட்டு, இந்தக் காதுல ஒரு குறையும் இல்லம்மா, ரொம்ப நல்லாக் கேக்குதுன்னாரு. அம்மா, அதுதான் டாக்டர் பிரச்சினைன்னாங்க. அவர் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு சொட்டு மருந்து எழுதிக் குடுத்தாரு. நல்லாக் கேக்குற காதுக்கு எதுக்கு மருந்துன்னு நான் கேட்டேன். அதிகப்பிரசங்கின்னு வேற பேரு வந்துச்சு.

அப்புறம் ஸ்கூல்ல ஒரு மிஸ் இருக்காங்க, மனசுல என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கிறவங்க. அவங்க என்ன ஒரு படம் வரையச் சொன்னாங்க. விசில் வரைஞ்சேன். எனக்கு பி.டி. மாஸ்டர்னா பயம்னு சொல்லிட்டாங்க. பி.டி. மாஸ்டர வரவழச்சு என்கிட்ட அன்பாப் பேசச் சொன்னாங்க. பாவம்க்கா, அவருக்கு அன்பாப் பேசிப் பழக்கமே இல்ல, வேர்த்துக் கொட்டிடுச்சு.

இதுக்கு நடுவுல கீழ் வீட்டு ஓனர் அங்கிள் மேல வந்தாரு. நாய் ஊளையிடுது, வாடகைக்கு விட்ட வீட்ல இதெல்லாம் நல்லதில்லன்னு சொல்லத்தான் வந்தாரு. தம்பி சும்மா இருக்காம, நாயில்ல அங்கிள், விசில் அங்கிள்னுட்டான். ஓனர் அங்கிள் மூஞ்சி மாறிடுச்சு. மெதுவா அந்த நாற்காலியப் பாத்தாரு. அந்த எடத்துலயா கேக்குதுன்னாரு. நாங்க ரெண்டு பேரும் தலையாட்டினோம். உங்களுக்கு முன்னாடி இங்க இருந்தவரு ரயில்வே கார்டு, வண்டி கெளம்ப விசில் அடிக்கிறவரு, ரிட்டயர் ஆகியும் விசில கழுத்துலதான் மாட்டிருப்பாரு, அந்த மூலைலதான் எப்பவும் உக்காருவாரு, அங்கயே உக்காந்தபடியேதான் போனாருன்னு சொன்னாரு.

அம்மா கையில இருந்த டம்ளர அப்படியே கீழ வச்சாங்க. எனக்கே முதுகுல ஏதோ ஊருற மாதிரி இருந்துச்சுக்கா. ஏன்னா அப்பத்தான் டி.வி. ஓடிட்டிருந்துச்சு, விசில் கேட்டுட்டிருந்துச்சு, மேனேஜர் சுவரப் பாத்து உறுமிட்டிருந்தான், அப்பா அந்த மூலைலதான் உக்காந்திருந்தாரு. அவர் மட்டும் திரும்பவே இல்ல. நேரா டி.வி.யவே பாத்துட்டு, இதெல்லாம் மூடநம்பிக்கைன்னாரு. சொல்லும்போது குரல் கொஞ்சம் கீச்சுனு வந்துச்சு.

எங்கப்பாவப் பத்தி உங்களுக்குத் தெரியாதுல்ல. சொந்தக்காரங்க குரூப்புல தினமும் காலைல ஒரு அறிவியல் செய்தி போடுவாரு. யாராவது சகுனம், திருஷ்டின்னு எழுதினா, ஆதாரம் இருக்கான்னு கேப்பாரு. அத்தை அந்தக் குரூப்ப விட்டே போனதுக்கு அதுதான் காரணம். அப்பேர்ப்பட்ட அப்பா, மறுநாள்லேர்ந்து வீட்டுக்குள்ள சுவரோட முதுகு ஒட்டித்தான் நடந்தாரு. நாற்காலிய மட்டும் மாத்திப் போடல. மாத்தினா பயந்துட்டாருன்னு நாங்க நெனப்போமாம். அதனால அதுலயே, நுனில உக்காந்துக்கிட்டாரு.

அப்பத்தான் மாமா வந்தாரு. அம்மாவோட தம்பி. எதச் சொன்னாலும் அதுக்கு ஒரு ஆள் தெரியும்பாரு. ஏ.சி.க்கு ஆள் தெரியும், பாஸ்போர்ட்டுக்கு ஆள் தெரியும். பேய்க்கும் ஆள் தெரிஞ்சிருந்துச்சு. மறு வாரம் கூட்டிட்டு வந்துட்டாரு. நாங்க பேய் அண்ணன்னு பேரு வச்சோம். தாடி, கறுப்புச் சட்டை, மோதிரம். ஆனா மந்திரவாதி இல்லியாம். பேய் ஆராய்ச்சியாளராம். அவருக்குன்னு ஒரு சேனலு, கூட ஒரு கேமராமேனு. அப்பா அவர உள்ள விடவே மாட்டேன்னாரு. ஆராய்ச்சின்னு மாமா சொன்னதும், சரி, ஆராய்ச்சின்னா வேற விஷயம்னுட்டாரு.

அந்த அண்ணன் கையில ஒரு கருவி வச்சிருந்தாரு. பேய் இருந்தா சிவப்பு லைட்டு எரிஞ்சு கத்துமாம். வீடு பூரா காமிச்சிட்டே வந்தாரு. அப்பா நாற்காலிக்குப் பின்னாடி ஒரு அலமாரி, அதுகிட்ட போனதும் கீகீன்னு கத்துச்சு. எல்லாரும் மூச்சு விடல. அப்புறம் ஃப்ரிட்ஜுகிட்டயும் கத்துச்சு. ஃப்ரிட்ஜுக்குள்ள யாருன்னு தம்பி கேட்டான். அத வீடியோல வெட்டிட்டாங்க.

கடைசில கண்ண மூடிக்கிட்டு விஷயத்தச் சொன்னாரு. கார்டுக்குத் தான் செத்தது தெரியாதாம். கடைசி வண்டி இன்னும் கெளம்பலன்னு நெனச்சு விசில் அடிச்சிட்டே இருக்காராம். பச்சை வெளிச்சம் காட்டினா வண்டியோட போயிடுவாராம். குடும்பத் தலைவர்தான் காட்டணுமாம். எல்லாரும் அப்பாவப் பாத்தோம். அப்பா தொண்டையச் செருமிட்டு, எனக்கு இதுல நம்பிக்கை இல்ல, ஆனா வெளிச்சம் காட்டறதுல அறிவியல்படி எந்தத் தப்பும் இல்லன்னாரு.

அப்புறம் தினமும் சாயங்காலம் இதே கூத்துதான். அப்பா டார்ச்சு மேல பச்சைக் கண்ணாடிக் காகிதத்த ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிட்டு, ஹால் நடுவுல நின்னு, இப்படி, இடமும் வலமுமா ஆட்டுவாரு. இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க, அவருக்குத் தெரியணும்லன்னு அம்மா சொல்வாங்க. மேனேஜர் டார்ச்சப் பாத்து இன்னும் சத்தமா ஊளையிடுவான். ஒரு நாள் ஓனர் அங்கிள் கதவத் தட்டாம வந்துட்டாரு. அப்பா அப்படியே டார்ச்சத் தூக்கினபடி நின்னுட்டாரு. அங்கிள் சிரிக்கல. கிட்ட வந்து ரகசியமா, அப்படியே அவர்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க, சுவத்துல ஆணி அடிக்காதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன், எதுக்கு அடிச்சாருன்னு கேளுங்கன்னாரு.

கேட்டாரான்னா? அப்பா கேக்கல. அங்கிளே சுவரப் பாத்துக் கேட்டாரு.

விசில் நிக்கல. எப்படி நிக்கும்? பேய் அண்ணன் திரும்பி வந்தாரு. மொத வீடியோவ நெறைய பேரு பாத்துட்டாங்களாம், அதனால இந்தத் தடவ ரெண்டு கேமரா. மேனேஜர் மேல கருவியக் காட்டினாரு. அது கத்தல. கொஞ்சம் ஆட்டிக் காட்டினாரு, அப்பவும் கத்தல. அப்புறம் அதத் தட்டிப் பாத்துட்டு, கத்தாமலே விஷயத்தச் சொல்லிட்டாரு. நாய்தான் ஏரியலாம். நாய் வழியாத்தான் கார்டுக்கு இந்த வீடு கெடைக்குதாம். நாய் இருக்குற வரைக்கும் அவர் போக மாட்டாராம். ஓனர் அங்கிள் ஒடனே, ஒண்ணு நாய் இருக்கணும், இல்ல நீங்க இருக்கணும்னுட்டாரு. மாமா, நான் அன்னிக்கே சொன்னேன்னாரு. அன்னிக்கு அவர் ஒண்ணுமே சொல்லல. நான்தான் கத்தினேன். எனக்கும் கேக்குது, தம்பிக்கும் கேக்குது, அப்ப நாங்களும் ஏரியலா, எங்களையும் கொண்டு போய் விட்டுடுவீங்களான்னு கத்தினேன். பெரியவங்க பேசறப்ப குறுக்கப் பேசாதன்னு சொல்லிட்டாங்க.

அடுத்த நாள் லீவு. மேனேஜர ட்ரெயினிங்குக்கு அனுப்புறோம், ஊளையிடாம இருக்கக் கத்துக்குடுப்பாங்க, வந்துடுவான்னு அப்பா சொன்னாரு. ஆனா அவன் தட்டையும் எடுத்தாரு, போர்வையையும் எடுத்தாரு. பந்தையும் எடுத்துப் பையில போட்டாரு. ட்ரெயினிங்குக்கு யாருக்கா கிழிஞ்ச பந்து எடுத்துட்டுப் போவாங்க? எனக்கு அப்பவே தெரிஞ்சிடுச்சு. அவனுக்குத் தெரியல. கார்னாலே அவனுக்கு பார்க்குதான். கதவத் தொறந்ததும் குதிச்சு ஏறினான். தம்பி டாட்டா காட்டினான். நான் ரூமுக்குள்ள போய்ட்டேன். டாட்டா காட்டியிருக்கலாம்.

அன்னிக்கு சாயங்காலம் அப்பா டி.வி. போடல. நாற்காலில உக்காந்து வெறும் டி.வி.யப் பாத்துட்டிருந்தாரு. விசிலும் கேக்கல. அம்மா தம்பிகிட்ட கேட்டாங்க, இப்ப கேக்குதாடான்னு. இல்லன்னான். மாமா போன்ல, பாத்தீங்களா, நாய் போச்சு, பேயும் போச்சுன்னாரு.

மறுநாள் டி.வி. போட்டாங்க. தம்பி காதப் பொத்திக்கிட்டான். எனக்கும் பல்லுக்குள்ள கேட்டுச்சு. நாத்தனார் படிக்கட்டுக்குப் போனவ, ராத்திரி சாப்பிடக்கூட உள்ள வரல. பஞ்சு துணிக்குள்ள நடுங்கிட்டிருந்துச்சு. எல்லாமே இருந்துச்சுக்கா, ஊளையிட மட்டும்தான் ஆளு இல்ல. அதனால வீடு அமைதி ஆயிடுச்சுன்னு சொல்லி எல்லாரும் நிம்மதியா சாப்பிட்டாங்க.

நான் சாப்பிடல. எனக்கு ஒண்ணுதான் ஓடிட்டிருந்துச்சு. நேத்து டி.வி. போடல, விசில் இல்ல. இன்னிக்குப் போட்டாங்க, விசில் இருக்கு. கார்டு தாத்தாவுக்கு நியூஸ் பாக்கணும்னா விசில் எதுக்கு அடிக்கணும்? அப்புறம் அந்த வாரமே ஒரு நாள் அப்பா வர்றதுக்கு முன்னாடி, அம்மா துணி காயப்போட மாடிக்குப் போனப்போ, நானே சுவத்து சுவிட்ச போட்டேன். டி.வி.யப் போடல, சுவிட்ச மட்டும்தான். விசில் வந்துடுச்சு.

பயமா இருந்துச்சுதான். பகல்லதான், வெயில் கூட ஹாலுக்குள்ள அடிச்சிட்டிருந்துச்சு, இருந்தாலும் அந்த நாற்காலி காலியா இருக்குறதப் பாத்தா யாரோ இப்பத்தான் எந்திரிச்ச மாதிரி இருந்துச்சு. தம்பியக் கையில பிடிச்சிக்கிட்டேன். இன்னொரு கையில பஞ்சுவோட கூண்டு. அந்தப் பேய் அண்ணன் கருவிய விட பஞ்சு நல்ல கருவிக்கா. வாசல்கிட்ட வச்சேன், சும்மா மூக்க ஆட்டிட்டிருந்துச்சு. சோஃபாகிட்ட வச்சேன், துணிக்குள்ள போச்சு. நாற்காலிக்குப் பின்னாடி கொண்டு போனேன், கூண்டோட அந்தக் கோடிக்கு ஓடி, கம்பிய ஏறி ஏறி விழுந்துச்சு. தம்பியும், இங்கதான் இங்கதான்னு கால உதறினான். பஞ்சுவ ஒடனே கிச்சன்ல கொண்டு வச்சிட்டேன், பாவம். அப்புறம் குப்புறப் படுத்து, அலமாரிக்கு அடில கையவிட்டேன்.

கையில ஏதோ மெத்துனு பட்டுச்சு. அம்மான்னு கத்திட்டேன். தம்பி, கார்டு தாத்தாவான்னு கேட்டான். தலையச் சாச்சு உள்ள பாத்தா அப்பாவோட சாக்ஸு. காணாமப் போச்சுன்னு தேடிட்டே இருந்தாரே, அது. அதுக்குள்ள ஒரு எலி, வீட்டு எலிக்கா, கறுப்பு எலி, ரோஸ் கலர்ல குட்டிங்களோட சொகுசாத் தூங்கிட்டிருக்கு. அதுக்கு ஒரு சாண் தள்ளி, எதிர்ப்பக்கத்துலேர்ந்து சுவரோரமா வந்து டி.வி. ஒயரு சொருகியிருக்குற அதே பிளக் பெட்டில, சோப்பு டப்பா அளவுக்கு வெள்ளையா ஒண்ணு சொருகியிருந்துச்சு. சின்னதா ஒரு லைட்டு மினுக்கு மினுக்குனு. அதப் பிடிச்சு வெடுக்குனு இழுத்தேன்.

தம்பி மெதுவாக் காதுலேர்ந்து கைய எடுத்தான். போயிட்டாருன்னான்.

எலி விரட்டுற மெஷின்க்கா அது. கத்தி கத்தியே எலிய விரட்டுமாம். பின்னாடி சின்ன எழுத்துல போட்டிருந்துச்சு, மனிதர்களுக்குக் கேட்காதுன்னு. அப்ப நானும் தம்பியும் யாரு? எங்க சயின்ஸ் மிஸ்கிட்ட கேட்டேன். அந்த மாதிரி மெல்லிசுச் சத்தமெல்லாம் சின்னப் பசங்களுக்குக் கேக்குமாம், வயசாக ஆகக் கேக்காமப் போயிடுமாம். நாய்க்கும் பூனைக்கும் ரொம்ப நல்லாக் கேக்குமாம். எலிக்கும் கேக்கும், ஆனா அதுக்குப் பழகிடுச்சு போல. டி.வி. சத்தத்துலயே தூங்கற எங்க மாமா மாதிரி.

அப்பா வந்ததும் அந்த மெஷின டீப்பாய் மேல வச்சேன். அப்பா பாத்தாரு. இது யாரு வச்சதுன்னாரு. அம்மா, எனக்கென்ன தெரியும்னாங்க. மெஷினத் திருப்பிப் பின்னாடி இருந்த சின்ன எழுத்தப் படிச்சாரு. அப்புறம் ரொம்ப மெதுவா, இது எலிக்குன்னாரு. எந்த எலிக்கு, உங்களுக்குத்தான் எலின்னா பயமே இல்லயேன்னு அம்மா கேட்டாங்க. ஏன்னா மழக்காலத்துல வீட்ல எலி ஓடினப்போ நாற்காலி மேல ஏறினது அப்பாதான். பயமில்ல, பல்பு மாத்தறேன்னாரு. அப்புறம் யாருக்கும் தெரியாம இத வாங்கி அலமாரிக்குப் பின்னாடி சொருகிட்டு, சொருகினதையே மறந்துட்டாரு.

அப்பா அதத் திரும்ப பிளக்ல சொருகினாரு. தம்பி காதப் பொத்தினான். அப்பா குனிஞ்சு, அது மேலயே காத வச்சுக் கேட்டாரு. ஒண்ணுமே கேக்கலியேம்மா எனக்குன்னு சொன்னாரு. அதத்தான்ப்பா நாங்க மொதல்லேர்ந்து சொன்னோம், எங்களுக்குக் கேக்குதுன்னுன்னேன். அப்பா என்ன ஏறிட்டே பாக்கல. மெஷினப் பிடுங்கிக் கையில வச்சிக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டாரு.

பேய் அண்ணனா? மாமா போன் பண்ணிச் சொன்னாரே. கார்டு அந்த மெஷினுக்குள்ள போயிட்டாரு, அத எனக்கு அனுப்பி வைங்கன்னு சொன்னாராம். அதையும் ஒரு வீடியோ போட்டாச்சு. ஓனர் அங்கிளுக்கும் நம்பிக்கை வரல. ஆணிக்குப் பதில் வராம அவர் கார்ட விட மாட்டாரு. ஆனா நாய் வரலாம்னு சொல்லிட்டாரு, அம்மா கீழ போய் கொஞ்ச நேரம் பேசிட்டு வந்தாங்க. என்ன பேசினாங்கன்னு தெரியாது, அங்கிள் இப்ப கதவத் தட்டிட்டுத்தான் வர்றாரு.

அம்மாதான் இங்கயும் போன் பண்ணினாங்க. நீங்கதான் எடுத்தீங்களா? இன்னிக்கு சாயங்காலம் வேற ஒரு வீட்டுக்காரங்க வந்து அவனக் கூட்டிட்டுப் போறாங்கன்னு சொன்னீங்களாமே. அவங்க நல்லவங்களாத்தான் இருப்பாங்க. பெரிய தோட்டம் இருக்கா? இருக்கட்டும். எங்க வீட்ல தோட்டமெல்லாம் இல்ல. ஆனா அவங்க அவன பிரவுனின்னுதானே கூப்பிடுவாங்க? அவன் உக்காந்து பாக்கற பார்வைய அவங்க சும்மா பார்வைன்னு நெனச்சுப்பாங்க. அவங்களுக்கு அந்தக் கறுப்புக் குட்டியக் காட்டுங்களேன். என் லேஸக் கேளுங்க, எவ்வளவு நல்ல குட்டின்னு சொல்லும்.

தெரியும்க்கா. சின்னப் பிள்ளைகிட்டக் குடுக்க மாட்டீங்க. விட்டுட்டுப் போனவங்களே வந்து கையெழுத்துப் போடணும். தெரியும். யாரோட வந்தேனா? அப்பாவோடதான். இதோ, எதிர்ல மரத்தடில ஒரு சாம்பல் கலர் கார் நிக்குது பாருங்க. அதுலதான் இருக்காரு. உள்ள வாங்கப்பான்னேன். நீ போய்ப் பேசு, நான் காரப் பாத்துக்கறேன்னாரு. அந்தக் கார யாருக்கா தூக்கிட்டுப் போகப் போறா?

என்னக்கா சொல்றீங்க? இந்த வாரம் பூரா சாயங்காலம் வந்து நின்னுச்சா? இதே காரா? யாரோ நாய் திருடறவங்கன்னு நெனச்சு போலீஸ்ல சொல்ல இருந்தீங்களா...? ஓ.

ஆபீஸ்ல வேலை ஜாஸ்தின்னுதான் எங்ககிட்ட சொன்னாரு.

இல்ல, ஒண்ணுமில்ல. அம்மாகிட்ட அவர் சொன்னதக் கேட்டேன், நான் குளிச்சிட்டிருக்கேன்னு நெனச்சு கிச்சன்ல பேசிட்டிருந்தாங்க. இங்க கொண்டு வந்து விட்டப்போ மேனேஜர் வாலாட்டிட்டே உள்ள போனானாம். திரும்பித் திரும்பி, வா, நீயும் வாங்கிற மாதிரி அப்பாவப் பாத்தானாம். ஒரு தடவ என்னக் கடிச்சிருந்தான்னா நிம்மதியா இருந்திருப்பேன்னு சொன்னாரு. அவன் கோவமா இருப்பான்னு அப்பா நெனக்கிறாரு. அவனுக்குக் கோவமே வராதுக்கா, பாத்தா தெரியலியா உங்களுக்கு?

சாவி எடுக்குறீங்களா? அய்யோ தேங்க்ஸ்க்கா. இல்ல, நான் வரல. நீங்களே அவனக் கூட்டிட்டு கார்கிட்டப் போங்க. கையெழுத்து அங்கயே வாங்கிக்குங்க. நான் இங்க துணி மடிச்சிட்டிருக்கேன். நான் வந்து நின்னா அப்பா, கண்ணுல தூசின்னு சொல்லணும், நான் ஆமாப்பான்னு சொல்லணும்.

அப்புறம்க்கா, கார் கண்ணாடியத் தட்டறதுக்கு முன்னாடி கொஞ்சம் தள்ளியே நின்னு இருமுங்க. மொகத்தத் தொடச்சிக்கட்டும்.